குழாயும் இணைப்பும்

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் என் அறைக்கு மூன்று முறை வந்துவிட்டார். ஒரு நண்பர் சிலம்பைப் பற்றி எழுதுகிறாராம். இன்னொருவர் மொழிபெயர்ப்பின் சிக்கல்களை ஆராய்கிறாராம். "நீங்கள் எதைப் பற்றி எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டார். "பி.வி.சி. குழாயைப் பற்றி" என்றேன். சிரித்துவிட்டார். சிரிக்கட்டும். அவர் ஊரிலும் ஆழ்துளைக் கிணறு ஒன்று இருக்கிறது; அவர் வீட்டு மாடியிலும் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, "படித்த பிள்ளைதானே, இதைக் கொஞ்சம் பார்" என்று வீட்டார் நம் கையில் ஸ்பேனரைக் கொடுப்பது அவருக்கும் நேரும். எனக்கு நேர்ந்தது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2023 மே மாதம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. அவ்வாண்டு அப்பா அம்மாவின் நகையை அடகு வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தி, தக்காளிக்குச் சொட்டு நீர்ப் பாசனம் அமைத்தார். குழித்தட்டு நாற்று வந்து இறங்கிவிட்டது. கிணற்றிலிருந்து வயலுக்கு நீரைக் கொண்டுபோகும் பிரதானக் குழாயில் ஒரு திருப்பமும் நாற்பதடி நீளமும் மட்டுமே மீதி. குழாய் வேலை செய்பவர் வேறோர் ஊருக்குப் போயிருந்தார். "நானே முடித்துவிடுகிறேன்" என்றேன். பொறியியல் படிக்கிறவன் அல்லவா!

எங்களிடம் இருந்த குழாய் போதவில்லை. பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த உறவினரிடம் இரண்டு அங்குல வெள்ளைக் குழாய் மிச்சம் இருந்தது. வாங்கி வந்தேன். எங்கள் வயலில் கிடந்ததும் இரண்டு அங்குலக் குழாய்தான், சாம்பல் நிறம். வெள்ளைக் குழாயைச் சாம்பல் நிற எல்போவில் நுழைத்தேன். சற்றுத் தளர்வாக இருந்தது. ஆட்டினால் ஆடியது. அப்பா பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, ரெண்டும் ரெண்டு இஞ்சுதான? அப்புறம் எதுக்கு ஆடுது?" என்றார். நான் பசையைத் தாராளமாகப் பூசினேன். இடைவெளியைப் பசை அடைத்துக்கொள்ளும் என்று அவருக்கு விளக்கமும் சொன்னேன். மாலை ஆறு மணிக்கு ஒட்டி முடித்தேன். அப்போது எங்களூரில் மும்முனை மின்சாரம் இரவு 11 மணிக்குத்தான் வந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

விடியற்காலையில் எல்போ தனியே கிடந்தது. குழாய் தனியே கிடந்தது. கிணற்றில் ஊறியிருந்த நீர் முழுவதும் பக்கத்துப் பள்ளத்தில் நின்றது. மீண்டும் ஊற இரண்டு நாளாகும். தட்டில் இருந்த நாற்று இரண்டு நாள் கோடை வெயிலைத் தாங்குமா என்பதுதான் அப்போது வீட்டில் எல்லார் மனத்திலும் இருந்த கேள்வி. யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது.

குழாய் வேலை செய்பவர் மறுநாள் வந்தார். உடைந்த இணைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். "தம்பி, பசை ஒட்டாது. பைப்பும் பைப்பும்தான் ஒட்டோணும்" என்றார். எட்டாம் வகுப்புப் படித்தவர் அவர். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த வேதியியல் எனக்கு விளங்க ஒரு வாரம் ஆயிற்று.

பி.வி.சி. குழாய்க்குப் பூசும் அந்தத் திரவத்தைக் கடையில் பேஸ்ட் என்கிறார்கள், சொல்யூஷன் என்கிறார்கள், கம் என்கிறார்கள். உண்மையில் அது காகிதம் ஒட்டும் கோந்தைப் போன்றதன்று. டெட்ராஹைட்ரோஃப்யூரான், சைக்ளோஹெக்ஸனோன் போன்ற கரைப்பான்களில் கொஞ்சம் பி.வி.சி.யையே கரைத்து வைத்திருக்கிறார்கள். அது குழாயின் வெளிப்புறத்தையும் எல்போவின் உட்புறத்தையும் மெல்லிய அளவுக்குக் கரைத்து இளக்குகிறது. இளகிய இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று அழுத்தித் தொடும்போது இரண்டின் மூலக்கூறுகளும் கலந்து பின்னிக்கொள்கின்றன. பிறகு கரைப்பான் மெல்ல ஆவியாகி வெளியேறுகிறது. எஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். இரும்பைப் பற்றவைப்பதைப் போன்ற செயல் இது. நெருப்புக்குப் பதில் கரைப்பான், அவ்வளவே. ஆகவே இரண்டு பரப்பும் இறுகத் தொடாத இடத்தில் எவ்வளவு பூசினாலும் பயனில்லை. அங்கே கரைப்பான் போனபின் எஞ்சுவது ஓட்டை நிறைந்த மெல்லிய தோல்தான். என் எல்போவில் அதைத்தான் கண்டேன். நகத்தால் உரித்தால் வந்தது.

சரி, இரண்டு அங்குலமும் இரண்டு அங்குலமும் ஏன் பொருந்தவில்லை? இங்கேதான் நம் நாட்டுக் கடைகளில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. வயலுக்குப் போடும் குழாய் ஐ.எஸ். 4985 என்னும் இந்தியத் தரத்தின்படி செய்யப்படுவது. அதன் அளவு வெளிவிட்டம். மில்லிமீட்டரில் சொல்லப்படுவது: 20, 25, 32, 40, 50, 63, 75, 90, 110. வீட்டு வேலைக்கு வரும் வெள்ளைக் குழாய் பெரும்பாலும் அமெரிக்கத் தரத்தின்படி அங்குலப் பெயரில் வருகிறது. அங்கே இரண்டு அங்குலம் என்பது பெயர் மட்டுமே. அளந்து பார்த்தால் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர். வயல் குழாயில் இரண்டு அங்குலம் என்று நாம் வாயால் சொல்வது 63 மில்லிமீட்டர். வேறுபாடு 2.7 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில்தான் எங்கள் கிணற்று நீர் போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், எல்லா அளவிலும் இது ஒரே பக்கமாக வேறுபடுவதில்லை. அரை அங்குலத்தில் ஒன்று 20, மற்றது 21.3. முக்காலில் 25, 26.7. ஓர் அங்குலத்தில் 32, 33.4. ஒன்றேகாலில் 40, 42.2. இவற்றில் அங்குலக் குழாய் பருமன். மில்லிமீட்டர் இணைப்பின் வாயில் நுழையாது. நுழையாத குழாயை அரத்தால் தேய்ப்பவர்களும் உண்டு. தென்னை மட்டையைக் கொளுத்தி எல்போவின் வாயை வாட்டி விரிப்பவர்களும் உண்டு. தேய்த்தால் குழாயின் சுவர் மெலியும். வாட்டினால் இணைப்பின் சுவர் மெலியும். ஒன்றரை அங்குலத்துக்கு வந்தால் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது: 50, 48.3. இரண்டில் 63, 60.3. இங்கே அங்குலக் குழாய் சிறியது, நன்றாக நுழைந்துவிடும். நுழைந்துவிடுவதால்தான் ஆபத்து. இந்த இரண்டு முறைகளையும் எங்கேனும் சேர்த்தே ஆகவேண்டுமானால், இரு பக்கமும் மரையுள்ள இணைப்பு வைத்துச் சேர்க்கலாம். மரையின் அளவு இரண்டிலும் பொதுவாக ஒன்றே. இவையெல்லாம் குழாயின் முதுகிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன: தர எண், விட்டம், அழுத்த வகை. நாம் பயிற்று நூல்களை அடிக்கோடிட்டுப் படிக்கிறோம், குழாயைப் படிப்பதில்லை.

வாங்கும்போது செய்யவேண்டிய சோதனை எளியது. பசை பூசாமல் குழாயை இணைப்பினுள் நுழைத்துப் பாருங்கள். வாயின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை போய்க் குழாய் இறுகி நிற்கவேண்டும். அடிவரை சிரமமின்றிப் போய்விட்டால் தளர்வு. மூன்றில் ஒரு பங்கும் போகவில்லையென்றால் அது வேறு அளவு. இணைப்பின் வாய் உள்ளே போகப்போகச் சற்றே குறுகும்படி செய்யப்பட்டிருப்பதே இதற்காகத்தான். பசை இளக்கியபின் குழாய் அந்தக் குறுகலுக்குள் தன்னைத் திணித்துக்கொண்டு இறங்கும்.

ஒட்டும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். குழாய் ஒழுகும் வீடுகளில் பெரும்பாலும் பிழை இங்கேதான் நேர்ந்திருக்கும். குழாயை நேர்க்கோணத்தில் அறுக்கவேண்டும். ஹாக்ஸா பிளேடால் அறுக்கும்போது சாய்ந்துவிடும். ஒரு காகிதத்தைக் குழாயைச் சுற்றி விளிம்போடு விளிம்பு சேரும்படி வைத்துக் கோடு போட்டுக்கொண்டால் சாயாது. அறுத்தபின் உள்ளும் புறமும் உள்ள பிசிறை எடுத்துவிட்டு, வெளி விளிம்பை அரத்தால் சற்றே சரித்துவிட வேண்டும். சரிக்காத கூர் விளிம்பு பூசிய பசையை வழித்துத் தள்ளிக்கொண்டே உள்ளே போகும். பின்பு இரண்டையும் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். ஈரமும் எண்ணெயும் கூடா. வாயின் ஆழத்தைக் குழாயின்மேல் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. முழுதும் இறங்கிற்றா என்பதற்கு அதுவே சாட்சி.

முதலில் இணைப்பின் உள்ளே மெல்லியதாகவும், பிறகு குழாயின்மேல் சற்றுத் தாராளமாகவும் பூசி, காய்வதற்குள் நுழைத்து, கால் சுற்றுத் திருகி, அடிவரை தள்ளுங்கள். தள்ளியவுடன் கையை எடுக்காதீர்கள். குறுகிய வாய் குழாயை வெளியே தள்ளப் பார்க்கும். அரை நிமிடமாவது பிடித்திருக்கவேண்டும். விளிம்பைச் சுற்றி மெல்லிய வளையமாகப் பசை பிதுங்கி நின்றால் பூச்சு சரி, அதைத் துடைத்துவிடலாம். பிறகு ஆட்டவோ திருப்பவோ கூடாது. கால் மணி நேரத்தில் கையாளலாம். அழுத்தத்தோடு நீர் விட 24 மணி நேரம் காத்திருப்பதே பாதுகாப்பு. வடநாட்டுக் குளிர்காலத்தில் கரைப்பான் மெதுவாக ஆவியாகும், இன்னும் பொறுக்கவேண்டும். நான் ஐந்து மணி நேரம்தான் பொறுத்தேன். டப்பாவில் கட்டியாகிவிட்ட பசையைத் தின்னர் ஊற்றி இளக்குவது வீண், புதிது வாங்குங்கள். அந்த ஆவி எளிதில் தீப்பிடிக்கும்; பீடி பற்றவைத்துக்கொண்டு உதவிக்கு வருபவரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பி.வி.சி.க்குத்தான். எல்லாப் பிளாஸ்டிக்கும் கரையாது. கறுப்பு நிறத்தில் சுருளாக வரும் எச்.டி.பி.ஈ. குழாய் பாலிஎத்திலீன், பச்சை நிறத்தில் பெரும்பாலும் வரும் பி.பி.ஆர். குழாய் பாலிபுரொப்பிலீன். இவற்றை அந்தக் கரைப்பான்கள் தொடமாட்டா. பசை பூசினால் தாமரை இலைத் தண்ணீர்தான். இவற்றை வெப்பத்தால் உருக்கிச் சேர்க்கவேண்டும், அல்லது இறுக்கிப் பிடிக்கும் இணைப்பால் சேர்க்கவேண்டும். பி.பி.ஆர். குழாய்க்குச் சூடேற்றும் கருவியை ஏறக்குறைய 260 பாகை செல்சியஸில் வைத்து, 20 மில்லிமீட்டர்க் குழாயானால் 5 நொடி, 25 ஆனால் 7 நொடி சூடேற்றிச் செருகுவார்கள். கூடுதல் நேரம் வைத்தால் உருகிய பிளாஸ்டிக் உள்ளே மடிந்து வழியையே அடைத்துவிடும்.

எந்தக் குழாய் எது என்று தெரியாவிட்டால் ஒரு சிறு துண்டை வாளி நீரில் போடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன், பசைக்கு வேலையில்லை. மூழ்கினால் பி.வி.சி. இனம். நிறத்தை நம்புவதைவிட இது மேல்.

பி.வி.சி. இனத்திலும் இரண்டு உண்டு. சாதாரண பி.வி.சி. குளிர்ந்த நீருக்கு மட்டுமே. நீர் சூடேறச் சூடேற அதன் வலு குறையும்: 23 பாகையில் தாங்கும் அழுத்தத்தில் 49 பாகையில் நாற்பது விழுக்காடுதான் தாங்கும், 60 பாகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வெந்நீருக்கு வேண்டியது சி.பி.வி.சி.; பெரும்பாலும் பாலாடை நிறத்தில் இருக்கும்; 93 பாகை வரை பயன்படும். சென்ற குளிர்காலத்தில் நம் நண்பர்கள் நால்வர் வெளியே வாடகைக்கு எடுத்த வீட்டில் வெந்நீர்க் கலத்தின் கீழே வெள்ளை பி.வி.சி. குழாய் தொட்டில் கயிறு போலத் தொய்ந்து நின்றதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இருபது ரூபாய் மிச்சம் பிடித்தவர் யாரோ. குளிரில் வெந்நீரின்றி ஒரு வாரம் பல்லைக் கடித்தவர்கள் இவர்கள். சி.பி.வி.சி.க்கு அதற்குரிய பசை தனி. அளவும் தனி: அதன் முக்கால் அங்குலம் 22.2 மில்லிமீட்டர். ஆக, முக்கால் அங்குலம் என்ற ஒரே பெயரில் 22.2, 25, 26.7 என மூன்று குழாய்கள் நம் நாட்டில் உலவுகின்றன! கடைக்குப் பழைய துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது பேசிப் புரியவைப்பதைவிட எளிது. இந்தி சரியாக வராத நமக்கு அது இரட்டிப்பு உதவி. எல்போ, டீ, யூனியன், நிப்பிள், எம்.டி.ஏ., எஃப்.டி.ஏ. என்ற பெயர்கள் மட்டும் காசியிலும் காரைக்குடியிலும் ஒன்றாகவே இருக்கின்றன. குழாய்க் கடைக்காரர்கள் ஒரு பொதுமொழி கண்டுவிட்டார்கள்.

குடிநீருக்கு இன்னொரு செய்தி. பி.வி.சி.யைச் செய்யும்போது வெப்பத்தில் சிதையாமல் காக்க முன்பு ஈயச் சேர்மங்களைக் கலந்துவந்தார்கள். அவற்றைக் குழாய்களிலிருந்து நீக்குவதற்காக மத்திய அரசு 2021இல் விதிகள் வகுத்தது. வயலுக்கு என்று மலிவாக வாங்கி மிஞ்சிய பழைய குழாயைச் சமையலறைக்குத் திருப்பிவிட வேண்டாம்.

மரை இணைப்பில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று. ஆனால் எங்கும் நடக்கிறது. இரும்பு அல்லது பித்தளை மரையைப் பிளாஸ்டிக் பெண் மரைக்குள் முறுக்குவது. மரை ஆப்பைப் போன்றது. முறுக்க முறுக்க வெளியிலிருக்கும் பிளாஸ்டிக்கைப் பிளக்கும். அன்றே பிளக்காது, ஆறு மாதம் கழித்து, நீங்கள் ஊரில் இல்லாதபோது பிளக்கும். உலோகம் வந்து சேரும் இடத்தில் உள்ளே பித்தளை பதித்த எல்போவையோ எஃப்.டி.ஏ.வையோ போடுங்கள். டெஃப்லான் நாடாவை மரை ஏறும் திசையிலேயே, அதாவது மரையின் முனை நம்மை நோக்கியிருக்கும்போது வலஞ்சுழியாக, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். கையால் இறுகும்வரை முறுக்கி, பிறகு ஸ்பேனரால் ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று. இரும்புக் குழாய்க்குச் சணல் சுற்றிப் பழகிய கை அதோடு நிற்காது; நிறுத்தவேண்டும்.

இனி அழுத்தம். பத்து மீட்டர் உயர நீர் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் தரும். மூன்றாம் மாடித் தொட்டியிலிருந்து தரைத்தளத்துக்கு வரும் நீர் அவ்வளவே அழுத்தும். வயல் குழாய்கள் 2.5, 4, 6, 8, 10 கிலோ என வகைப்படுத்தி விற்கப்படுகின்றன. எங்கள் வயலில் போட்டது 4 கிலோ. ஓடும் அழுத்தம் 2 கிலோதான். பின் ஏன் எல்போவில் மட்டும் பிய்த்துக்கொண்டது? நேர்க் குழாயில் நீர் சுவரைத்தான் அழுத்துகிறது. திருப்பத்தில் எல்போவையே முன்னோக்கித் தள்ளுகிறது. 63 மில்லிமீட்டர்க் குழாயின் உட்பரப்பு ஏறக்குறைய 28 சதுர சென்டிமீட்டர். 2 கிலோ அழுத்தத்தில் அந்த எல்போவை ஒவ்வொரு பக்கமும் 56 கிலோ இழுக்கிறது. ஓர் ஆள் இரவு முழுவதும் தொங்குவதற்குச் சமம்.

இதற்குமேல் நீர் அடி என்று ஒன்று உண்டு. மோட்டார் திடீரென நின்றாலோ, வால்வைப் படக்கென மூடினாலோ ஓடும் நீர் முட்டி நிற்கிறது. அந்த முட்டல் மெல்லிய பி.வி.சி. குழாயில் நொடிக்கு 300 மீட்டர் அளவு வேகத்தில் அலையாகப் பாய்கிறது. நீர் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு கணத்தில் 3 கிலோ அழுத்தம் கூடும். 2 கிலோ 5 ஆகும். 56 கிலோ இழுப்பு 140 ஆகும். அதனால்தான் திருப்பங்களிலும் கடைசி மூடியிலும் கற்காரைக் கட்டி வைத்தோ, மண்ணை இறுக்கி அடித்தோ முட்டுக் கொடுக்கிறார்கள். வால்வை மெல்லத் திறந்து மெல்ல மூடுவதற்கு ஒரு காசும் செலவில்லை. வெயிலும் ஒரு பகை. பத்து மீட்டர் பி.வி.சி. குழாய் 20 பாகை சூடேறினால் ஒரு சென்டிமீட்டருக்குமேல் நீளும். வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் வெளுத்து நொறுங்கும். புதைப்பதே நல்லது.

சொட்டு நீர்ப் பாசனத்தின் 16 மில்லிமீட்டர்க் கிளைக்குழாய் பாலிஎத்திலீன். அங்கே பசையே இல்லை. பி.வி.சி. குழாயில் துளையிட்டு, ரப்பர் வளையம் பொருத்தி, டேக்-ஆஃபை அதில் அழுத்துவார்கள். துளை ஒரு மில்லிமீட்டர் பெரிதானாலும் ஒழுகும். அந்த ரப்பர் வளையத்துக்குரிய துளைப்பானைத்தான் எடுக்கவேண்டும். கிளைக்குழாயின் முனை நுழைய மறுத்தால் வெந்நீரில் தோய்த்துச் செருகலாம், நெருப்பைக் காட்டக்கூடாது. துளையிட்டபோது விழுந்த தூள் உள்ளேயே கிடக்கும். டிரிப்பரின் வழி ஒரு மில்லிமீட்டர் அளவே அகலம். ஆகவே கிளைகளைப் பொருத்துமுன் பிரதானக் குழாயின் கடைசி மூடியைத் திறந்து நீரைப் பாய்ச்சிக் கழுவிவிடவேண்டும். வடிகட்டி வைத்திருக்கிறோமே என்று இருந்துவிட முடியாது. இந்தத் தூள் வடிகட்டியைத் தாண்டிய இடத்தில் பிறந்தது.

எங்கள் கதைக்குத் திரும்புகிறேன். பெரியவர் வெள்ளைக் குழாயை எடுத்து ஓரமாகப் போட்டார். உடுமலையிலிருந்து 63 மில்லிமீட்டர்க் குழாய் வாங்கிவந்தேன். பசை பூசாமல் நுழைத்துப் பார்த்தார். பாதியில் இறுகி நின்றது. "இப்ப ஒட்டு தம்பி" என்று தூரிகையை என்னிடமே கொடுத்தார். ஒரு முழு நாள் காத்திருந்தோம். திருப்பத்தின் பின்னால் கல்லை வைத்து மண்ணை இடித்தோம். மறுநாள் இரவு வால்வைக் கால் பங்கு திறந்து, குழாயிலிருந்த காற்று வெளியேறும்வரை மெல்ல நீர் விட்டோம். நான் கைவிளக்கோடு ஒவ்வோர் இணைப்பையும் தடவிக்கொண்டே போனேன். எல்லாம் உலர்ந்திருந்தன. பிறகே பள்ளத்தை மூடினோம். நாற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கருகிவிட்டது, மற்றதை நட்டோம்.

இப்போது அப்பா குழாய்க் கடைக்குப் போனால் சட்டைப் பையில் என் பழைய வெர்னியர் அளவியை வைத்துக்கொண்டு போகிறார். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை என்று அம்மா தொலைபேசியில் சொன்னார்.